வாய்தாவில் கரையும் வெள்ளாமை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று, சம்பாவுக்கு எந்த ரகம் விதைக்கலாம் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. எழுதியவர் ஒரத்தநாடு பக்கத்து விவசாயி. வயது 36. மூன்று ஏக்கர் நன்செய். ரகத்தைப் பற்றி இரண்டே வரி. மீதி நான்கு பக்கமும் வேறு விஷயம். மனைவி ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போய் இது மூன்றாவது வருடம். இவர் தஞ்சாவூரில் விவாகரத்து மனுப் போட்டிருக்கிறார். மனைவி புதுக்கோட்டையில் ஜீவனாம்ச மனுப் போட்டிருக்கிறார். 28 மாதமாக இரண்டு கோர்ட்டுக்கும் நடை. கடைசியில் மூன்று கேள்விகள்: இந்தச் செலவு எப்போது தீரும்? பாதி நிலம் மனைவிக்குப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? அதற்கு முன் நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதி வைத்துவிடலாமா?

ரகக் கேள்விக்குப் பதில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மற்ற மூன்றையும் இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், இதே கேள்விகள் வேறு மாவட்டங்களிலிருந்தும், ஆண்களிடமிருந்தும் பெண்களிடமிருந்தும், வந்துகொண்டே இருக்கின்றன.

வாசகர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். செலவை நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வாய்தாவுக்கு அவரும் அண்ணனும் போய்வர பஸ் 180 ரூபாய். டீ, சாப்பாடு 250. இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போனது 1,200. வக்கீலுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 1,000. ஆக 2,630 ரூபாய். இதுவரை 31 வாய்தா. அது 81,530. வழக்கைக் கையில் எடுக்கும்போது வக்கீலுக்குக் கொடுத்தது 25,000. மொத்தம் 1,06,530 ரூபாய். விவாகரத்து மனுவுக்கான கோர்ட் கட்டணம் இதில் பொருட்படுத்தும் தொகையே இல்லை. சொத்து வழக்கு மாதிரி மதிப்பைப் பார்த்துக் கட்டும் கட்டணம் விவாகரத்துக்குக் கிடையாது.

நோட்டில் இல்லாதவை கடிதத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. வழக்குச் செலவுக்காக ஒரு லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் 3,000 வீதம் இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 72,000. போன சம்பாவில் நடவு நாளும் வாய்தாவும் ஒன்றாக வந்து, நடவு ஆட்களின் முறை தவறிப்போய், மறுபடி ஆள் கிடைத்தபோது நாற்றுக்கு 48 நாள். மத்திய கால ரகத்தில் 25 முதல் 30 நாளுக்குள் நட வேண்டிய நாற்று அது. வயது முற்றிய நாற்று தூர் கட்டாது என்பது அவருக்கே தெரியும். ஏக்கருக்கு 30 மூட்டை காண்கிற வயலில் 22 மூட்டைதான் கண்டது. மூன்று ஏக்கரில் 24 மூட்டை குறைவு. மூட்டைக்கு 60 கிலோ, குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 34,560 ரூபாய். எல்லாம் சேர்த்து 2,13,090. இடையில் விற்ற கறவை மாடு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதே காலத்தில், இடைக்கால ஜீவனாம்சமாக மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. ஒன்பது மாதமாக அவர் கட்டவில்லை. பாக்கி 36,000. கோர்ட்டுக்குப் போய்வந்த செலவு அந்தப் பாக்கியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தால் அந்தப் பாக்கி கழிந்துவிடும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். கழியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. பெயர்தான் மாறியது. ஜெயில் என்பது கட்ட வைப்பதற்கான வழி, கடனுக்கு ஈடு அல்ல. இதை உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும். வயல் ஒரு மாதம் கேட்பாரற்றுக் கிடந்ததுதான் மிச்சமாகும்.

இனி நிலம். விவாகரத்து ஆனால் கணவனின் சொத்தில் பாதி மனைவிக்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சில வெளிநாடுகளில் உண்டு. அந்தச் செய்திகளும் சினிமாவும் சேர்ந்து இந்தப் பயத்தைக் கிராமம் வரை கொண்டுவந்துவிட்டன. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 25-ஆவது பிரிவின்படி கோர்ட் நிரந்தர ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லலாம், மொத்தமாகவோ மாதாமாதமோ. அது ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக நிலத்தின்மேல் பொறுப்பு ஏற்றவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதாவது நிலம் அவர் பேரிலேயே இருக்கும், ஆனால் அந்தத் தொகைக்கு நிலம் ஈடு. மகள் விஷயம் வேறு. நிலம் பூர்வீகமாக இருந்தால் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்த உரிமை இது. அப்பாவும் அம்மாவும் பிரிந்தால் அந்தப் பங்கு அறுந்துபோகாது.

அப்படியானால் அண்ணன் பேருக்கு எழுதி வைப்பது? மூன்று கேள்விகளில் அதிகச் செலவு வைக்கக்கூடியது இதுதான். ஜீவனாம்சம் பட்டாவைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. உழைத்துச் சம்பாதிக்கத் தெம்புள்ள ஆளா என்பதையும் கோர்ட் பார்க்கும். வழக்கு நடக்கும்போது காசு வாங்காமல் கூடப்பிறந்தவருக்கு நிலத்தை மாற்றினால், அது எதற்காக என்று நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜீவனாம்ச உரிமை இருப்பது தெரிந்தே சொத்தை வாங்கினவர் மேலும், இலவசமாகப் பெற்றவர் மேலும் அந்த உரிமையைச் செலுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அண்ணனும் வழக்குக்குள் வந்து சேருவார். பட்டா மாறிவிட்டால் சொசைட்டியில் பயிர்க்கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் சொந்த நிலத்துக்கே குத்தகைக்காரர் மாதிரி கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டு நிற்க வேண்டும். அண்ணனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து நிலம் திரும்பி வருமா என்பதை வாசகர் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொள்ளட்டும்.

வழக்கை இழுத்துக்கொண்டே போவது எது? கடிதத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு இடம் புலப்படுகிறது. மனைவி தரப்பு மாதம் 15,000 கேட்கிறது. மூன்று ஏக்கர், முப்பது மூட்டை, அரசு விலை என்று பெருக்கி, அத்தனையும் வருமானம் என்கிறது. கணவர் தரப்பு மனுவில் 'விவசாயத்தில் வருமானமே இல்லை, கூலிக்குப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டும் உண்மை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இந்த இரண்டு பொய்க்கும் நடுவில்தான் 31 வாய்தா ஓடியிருக்கிறது.

2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். அதில் விவசாயிகளுக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நிலம் எவ்வளவு, நன்செயா புன்செயா, என்ன பயிர், கடந்த மூன்று வருடத்தில் நிலத்திலிருந்து வந்த வருமானம், குத்தகைக்கு எடுத்த நிலம் உண்டா, மாடு, ஆடு, கோழி எத்தனை, நிலத்தின் பேரில் என்ன கடன் என்று வரிசையாகக் கேட்கும் படிவம் அது. மாதச் சம்பளக்காரருக்கான படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு, அதில் எழுத இடமில்லை என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். வக்கீலிடம் விவசாயிக்கான படிவம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அந்தப் படிவத்தை நிரப்ப வாசகரிடம் ஆதாரம் இருக்கிறது. அடங்கல் இருக்கிறது. கொள்முதல் நிலையத்து ரசீது இருக்கிறது. பணம் பேங்க் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. ஆகவே மறைக்கவும் முடியாது. அவரிடம் இல்லாதது சாகுபடிச் செலவுக்கான சீட்டுகள். உழவு, விதை, உரம், நடவு, களை, மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம். அவர் சொல்லும் விவரங்களை வைத்துப் போட்டால், நன்றாக விளைந்த வருடத்தில் ஏக்கருக்கு 18 குவிண்டால், 43,200 ரூபாய் வரவு, 29,000 செலவு, 14,200 மிச்சம். மூன்று ஏக்கருக்கு 42,600. சம்பாவுக்குப் பிறகு தெளிக்கும் உளுந்தில் செலவு போக 24,000. ஆக வருடத்துக்கு 66,600, மாதம் 5,550. கூலிக்குப் போவதில் வருவது தனி. இந்தக் கணக்கைச் சீட்டுகளோடு முதல் வருடமே கொடுத்திருந்தால் 15,000 என்ற பேச்சு அன்றைக்கே இறங்கியிருக்கும். 'வருமானமே இல்லை' என்று எழுதியதால் அவர் உண்மையான செலவைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போய்விட்டது. உரக்கடைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கம்பியில் குத்தி வைப்பது எல்லா விவசாயிக்கும் நல்லது; வழக்கில் இருப்பவருக்குக் கட்டாயம்.

மாதம் 5,550 மிஞ்சுகிறவரிடம் 4,000 என்பது கனம்தான். கூலி வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தே கோர்ட் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சரியான கணக்கோடு போனால் தொகையை மாற்றித் தரும்படி கேட்க வழி உண்டு. கட்டாமல் இருந்துகொண்டு கேட்டால்தான் எடுபடாது. அதே சமயம், அந்த 66,600-இல் இத்தனை வருடம் யார் உழைப்பு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். களை எடுத்ததும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும், களத்தில் நெல் தள்ளியதும் சம்பளம் எழுதப்படாத வேலைகள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. மனைவியின் நகை ஒன்பது பவுன், கணவரின் பேரில், சொசைட்டியில் அடகில் இருக்கிறது. உரத்துக்கும் போர் மோட்டாருக்கும் வைத்தது. இந்த வரி முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது. கணவர் பேரில் அடகு இருப்பதால் அது கணவருடையது ஆகாது. தவணை தப்பினால் வட்டி ஏறும். விட்டுவிட்டால் ஏலத்துக்குப் போகும். தங்கம் இருக்கிற விலையில், அன்றைக்கு வாங்கிய கடனுக்கும் இன்றைக்கு அந்த நகையைத் திருப்பிக் கொடுக்க ஆகும் தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சமரசப் பேச்சு இரண்டு முறை முறிந்ததாக வாசகர் எழுதியிருக்கிறார், காரணம் எழுதவில்லை. காரணம் இந்த ஒன்பது பவுனாகத்தான் இருக்கும். மூன்று வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் போனதற்குப் பதில் இந்த நகையை மீட்கப் போயிருந்தால் இந்த வழக்கு வேறு மாதிரி நடந்திருக்கும்.

செலவு எப்போது தீரும் என்ற முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. குற்றம் சாட்டி நடத்தும் விவாகரத்து வழக்குக்கு முடிவு தேதி யாராலும் சொல்ல முடியாது. கீழ்க் கோர்ட்டில் முடிந்தால் அப்பீல் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தில் பிரிவது அதே சட்டத்தின் 13-பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசத்துக்கு வழியில்லை என்றாகி, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தையும் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போது நடக்கும் வழக்கையே இந்த வழிக்குத் திருப்பலாம். இரண்டு தரப்பும் சம்மதித்தால் போதும்.

பேசி முடிக்கும்போது எங்கே ஏமாற்றம் நேரும் என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தை வாபஸ் வாங்க உரிமை உண்டு. அதனால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், பாதி முதல் மனுவின்போது, பாதி கடைசி நாளில் என்று எழுதிக்கொள்வது வழக்கம். பணம் பேங்க் வழியாகப் போக வேண்டும். பெரியவர் முன்னிலையில் கையில் கொடுத்த பணத்துக்குக் கோர்ட்டில் சாட்சி தேட வேண்டிவரும். விவசாயி மாதாமாதம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு தவறுவதைவிட, சம்பா அறுவடைக்குப் பின் மாசியில் ஒரு தொகை, உளுந்துக்குப் பின் சித்திரையில் ஒரு தொகை என்று உடன்பாட்டில் எழுதிக்கொள்ளலாம். தடை எதுவும் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு ஒன்றும் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. குழந்தையின் உரிமை குழந்தையுடையது. பின்னால் கேட்டால் கோர்ட் கொடுக்கும்.

ரொக்கம் இல்லாதவர்கள் நிலத்தில் கொஞ்சம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் மாற்றியபடி உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. குடும்பம் என்பதில் கணவன், மனைவி, பிள்ளைகள் வருவார்கள். விவாகரத்து ஆனபின் அந்தப் பெண் சட்டப்படி மனைவி இல்லை. அப்போது எழுதினால் இந்தச் சலுகை கிடைக்காது. கிரயம் என்றால் பொதுவாக முத்திரை 7, பதிவு 2 என்று 9 சதவீதம். மகளுக்கு எழுதினால் எப்போது எழுதினாலும் மகள் மகள்தான். மைனர் பேரில் உள்ள நிலத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்க முடியாது என்பதால் இரண்டு தரப்பும் இதற்கு ஓரளவு எளிதாகச் சம்மதிக்கும்.

வக்கீல் பீஸ் பற்றி ஒரு வார்த்தை. வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசுவதைவிட, வழக்கு முடிய மொத்தம் இவ்வளவு, இந்தந்தக் கட்டத்தில் இவ்வளவு என்று முதல் நாளே பேசி எழுதிக்கொள்வது நல்லது. எழுதிக் கேட்பதால் நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. சிறு விவசாயிகளில் பலர் அதற்குள் வந்துவிடுவார்கள். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கோர்ட் அனுப்பி வைக்கும் சமரச மையத்திலும் கட்டணம் கிடையாது. வழக்கின் 16 இலக்க எண் தெரிந்தால் ஈகோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாய்தா தள்ளிப்போனது தெரியாமல் போய்த் திரும்பிய நாள் இந்த 31-இல் ஏழு என்று வாசகரின் நோட்டு சொல்கிறது. ஒரு நாளுக்கு 2,630 வீதம் அது 18,410 ரூபாய்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதும் இதோடு சேர்ந்ததே. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 100 ரூபாய் பத்திரத்தில் இருவரும் பிரிந்துகொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றாம். மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று கேட்கிறார். கூடாது. அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடுவதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது சுலபமில்லை. முதல் கல்யாணம் நிலைத்திருக்கும்போது இரண்டாவது கட்டினால் ஏழு வருடம் வரை தண்டனை. வரப்போகும் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையும் கிடைக்காது. இருவரும் ஒத்துப்போய் கையெழுத்தே போட்டுவிட்டார்கள் என்றால், ஒரு வருடம் பிரிந்திருந்ததைக் காட்டி 13-பி மனுவுக்கு அதே இருவரும் கோர்ட்டுக்குப் போவதில் என்ன சிரமம்? கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு, காத்திருக்கும் காலமும் வேறு. அவர்கள் சட்டப் பணிகள் குழுவிடம் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

ஒரத்தநாடு வாசகருக்கு அடுத்த வாய்தா தஞ்சாவூரில், ஆவணிக் கடைசியில். நாற்றங்காலில் விதை விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருக்கும், நடவுக்கு இடைஞ்சல் இல்லை. அன்றைக்கே வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி வக்கீல் மூலம் கேட்கலாம். மூன்று வருட அடங்கல், கொள்முதல் ரசீது, பேங்க் பாஸ்புத்தகம், நகைக்கடன் அட்டை, அந்தச் செலவு நோட்டு, இவ்வளவும் பையில் இருக்க வேண்டும். பாக்கி 36,000-இல் முடிந்ததைக் கட்டி ரசீதோடு போவது இன்னும் நல்லது. அண்ணன் கூட வர வேண்டியதில்லை. நாற்றங்காலில் தண்ணீர் கட்டவும் வடிக்கவும் வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.